கால் மட்டும் போதும்

ஏற்காடு,
12.10.2024

அன்புள்ள நங்கையாவுக்கு, சசிகலா எழுதுவது.

இங்கே நான் சுகம். மழை பிடித்துக்கொண்டதில் துணி ஒன்றும் காயவில்லை, அது ஒன்றுதான் குறை. அங்கே நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்?

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாடி போடி என்று கூப்பிட்ட உங்களை, என் அண்ணனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நங்கையா, வாங்க, போங்க என்கிறேன். இந்தப் பதினோரு வருஷத்தில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டச்சேட்டுக்கும் தலைச்சோலைக்கும் நடுவே, காபித் தோட்டங்களுக்கு இடையில் எட்டு ஏக்கர் சோலை மிச்சமிருக்கிறதே, ஊற்றுச்சோலை, அதை அழித்து ரிசார்ட் கட்டப் போகிறார்கள். அங்கே பட்டைகளுக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் ஒரு நத்தை இருக்கிறது. ஆறு வருஷமாக இந்த மலையைச் சலித்தவள் சொல்கிறேன், வேறெங்கும் அது இல்லை. ஓட்டை ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டினால், "இது எங்க ஊட்டுக் கெணத்தடியில கெடக்கறதுதானுங்களே" என்கிறார்கள். மார்ச் 17 அன்று விசாரணைக் குழு உட்காருகிறது. இது தனி இனம் என்று மரபணு வாசிப்பைக் காட்டினால்தான் சோலை நிற்கும். இல்லையென்றால் மரத்தோடு நத்தையும் போகும்.

என்னிடம் ஆல்கஹாலில் போட்ட நத்தை பதினொன்று இருக்கிறது. நான் பாடம் நடத்தும் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டியும் ஒரு தராசும், சுற்றினால் மாவு அரைக்கிற கிரைண்டர் மாதிரி சத்தம் போடும் சென்ட்ரிஃபியூஜும் உண்டு. நான் ஓட்டைப் பார்த்து இனம் பிரிக்கிறவள். டிஎன்ஏ எடுத்ததே இல்லை. நீங்கள் சங்கிலும் சிப்பியிலும் பத்து வருஷமாக எடுக்கிறீர்கள். புத்தகத்தில் இருக்கும் செய்முறை வேண்டாம், கையால் செய்கிறவர் சொல்வது வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். நத்தை பொறுக்கித் தருகிற எஸ்டேட் ஆள் மாதம்மாளுக்கும் படித்துக் காட்டுவேன்.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்
சசிகலா

*

தூத்துக்குடி,
21.10.2024

அன்புள்ள சசிக்கு, ரம்யா.

இங்கே வெயில் சுகம், உப்புக்காற்று சுகம், நானும் சுகம். கெஞ்சுகிறாளாம் கெஞ்சுகிறாள். பரீட்சையில் என் பேப்பரைப் பார்த்து எழுதியபோது எவளும் கெஞ்சவில்லை.

கவனி. நத்தையிடம் டிஎன்ஏ எடுக்கிறவளுக்கு முதல் எதிரி அதன் சளி. அது ஒட்டிக்கொண்டு வந்தால் பின்னால் எந்த வேலையும் நடக்காது. ஆல்கஹாலில் இருந்து எடுத்ததைக் காய்ச்சி ஆறிய நீரில் மூன்று தரம் அலசு. கால் மட்டும் போதும். மீதியைக் கலந்துவிடாதே, கலந்தால் எல்லாம் கெடும். நன்றாக அரைத்து, இதோடு வைத்திருக்கும் கரைசலில் போட்டு, அறுபது டிகிரி வெந்நீரில் மூன்று மணி நேரம் வை. பிறகு குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்கிச் சுற்று. மேலே தெளிந்து நிற்பதை மட்டும் உறிஞ்சு. அது மோர்த் தெளிவு மாதிரி இருக்க வேண்டும். கஞ்சி மாதிரி இழுத்தால் சளி போகவில்லை, மறுபடி செய். தெளிவை வடிதாளில் சொட்டி, நிழலில் காய வைத்து, கடிதத்துக்குள் மடித்து அனுப்பு. ஆல்கஹால் என்றால் கூரியர்க்காரன் பார்சலைத் தொடமாட்டான். காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதலில் நான்கு நத்தையில் செய்து பார். போன் செய்யாதே, கையுறையும் கையுமாக இருப்பேன். எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் அட்டை ஏறும், உப்பு எடுத்துப் போ. ஆனால் நத்தைப் பக்கம் அந்த உப்பைக் கொண்டு போகாதே!

ரம்யா

*

ஏற்காடு,
18.11.2024

அன்புள்ள நங்கையாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தை எழுதியிருந்தீர்கள், அண்ணனைப் பற்றி ஒரு வரி இல்லை. மறந்திருப்பீர்கள்.

நான்கு நத்தையில் செய்துவிட்டேன். கால் நீங்கள் சொன்னபடியே எடுத்தேன், துளியும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முதல் தடவை கஞ்சி. இரண்டாம் தடவை மோர்த் தெளிவு! ஆய்வக உதவியாளர் பயந்துபோகும் அளவுக்குக் கத்திவிட்டேன். நான்கு தாள்களும் உள்ளே இருக்கின்றன.

மாதம்மாள் பக்கத்தில் நின்று பார்த்தாள். "ஏனுங்க டீச்சரு, இத்தினியூண்டு நத்தைக்கா இத்தன பாடு?" என்றாள். இதன் இனம் வேறு என்று காட்டினால் சோலையை விட்டுவிடுவார்கள் என்றேன். "அப்ப ஊத்தும் தப்பிக்குமுங்களா? எங்க தலைச்சோலைக்கு வேனல்ல அதானுங்க தண்ணி" என்று கேட்டாள். தப்பிக்கும் என்று சொல்லிவிட்டேன். நங்கையா, வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அண்ணனுக்கு மூன்று தரம் போன் போட்டேன். எடுக்கவில்லை. அங்கே உப்பளத்து வேலைக்கு மண் அள்ளும் மிஷின் ஓட்டுவதில் அவ்வளவு மும்முரமா?

பதிலுக்குக் கண் பூத்துப்போய்க் காத்திருக்கும்
சசிகலா

*

தூத்துக்குடி,
2.12.2024

சசிக்கு,

புயல் மழையில் நீ பத்திரமாக இருக்கிறாயா? டிவியில் ஏற்காட்டைக் காட்டினார்கள், மனசு கேட்கவில்லை.

வாசிப்பு சரியில்லை. ஒரு தாளில் பூஞ்சை, இன்னொன்றில் ஏதோ புழு. மற்ற இரண்டில் எல்லாம் கலந்த குழப்பம். நத்தை எங்குமே இல்லை. தண்ணீரில் அழுக்கு இருந்திருக்கும், நன்றாக அலசியிருக்கமாட்டாய். கருவிகளை எல்லாம் பிளீச்சிங் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி செய்.

அவசரப்படாதே. ஆனால் சீக்கிரம்.

ரம்யா

*

ஏற்காடு,
23.12.2024

அன்புள்ள நங்கையாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். மலைப்பாதையில் மண் சரிந்து பல நாள் பஸ் இல்லை. குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் கழுவினேன். என் கை தோல் உரிந்துவிட்டது. மீதி இருந்த ஏழையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தேன். முதலில் இரண்டோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். ஒருவேளை இதிலும் வராவிட்டால், ஒருவேளை அடுத்ததில் வந்தால் என்று கை நிற்கவில்லை. ஏழு தாள்கள் உள்ளே.

பதினொன்றும் போய்விட்டது நங்கையா. இனி என்னிடம் ஒன்றும் இல்லை. மழை விட்டதும் பனி இறங்கிவிட்டது. மாதம்மாளும் நானும் நான்கு நாளாகச் சோலையில் பட்டை பட்டையாகப் புரட்டுகிறோம், காலி ஓடுகள்தான் கிடைக்கின்றன.

இந்த ஏழில் ஒன்றாவது பேசட்டும்.

சசிகலா

*

தூத்துக்குடி,
20.1.2025

சசிக்கு,

பொங்கல் நல்லபடியாக நடந்ததா? தாமதத்துக்கு மன்னித்துவிடு. இதை எப்படி எழுதுவது என்று மூன்று கடிதங்களைக் கிழித்துப் போட்டேன்.

ஏழும் தவறிவிட்டன. அதே பூஞ்சை, அதே புழு. அழுக்குத் தண்ணீரால் ஏழு தரமும் ஒரே புழு வராது. நீ எப்படி எடுத்தாய் என்று ஆரம்பத்திலிருந்து ஒன்று விடாமல் எழுது. எதையும் அற்பம் என்று விடாதே.

ரம்யா

*

ஏற்காடு,
27.1.2025

ரம்யாவுக்கு,

நங்கையா என்று எழுதக் கை வரவில்லை.

ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். நத்தையை ஓட்டோடு நசுக்கினேன். ஓட்டுத் தூளைப் பொறுக்கிப் போட்டேன். வந்த கூழைத் தராசில் நிறுத்து, அதில் சரியாகக் கால் பங்கு எடுத்தேன். நீங்கள்தானே சொன்னீர்கள், கால் மட்டும் போதும், மீதியைக் கலக்காதே என்று. மீதி முக்கால் பங்கு சற்று நேரத்தில் கறுத்துப்போகும், ஊற்றிவிடுவேன். பதினோரு தரமும் அப்படித்தான். உங்கள் எழுத்தை வேதம் மாதிரி சுவரில் ஒட்டி வைத்துச் செய்தேன்.

இப்போது நீங்கள் சொல்லாததை நான் சொல்கிறேன். நேற்று ஒண்டிக்கடையில் டீ குடிக்கப் போனேன். கடைக்கார முருகேசன், "ஏனுங்க டீச்சரு, ஊத்துச்சோலைக்கு மிஷின் உடற காண்ட்ராக்ட் உங்கண்ணன் கோகுலுக்கே வந்துருச்சாமே, நொம்ப சந்தோசமுங்க" என்றார். புரட்டாசியிலேயே பேசி முடித்துவிட்டார்களாம். நான் கெஞ்சிக் கடிதம் எழுதிய அதே மாதம்.

போன் செய்யாதே என்றது இதற்காகத்தானா? உங்கள் மூன்று கடிதத்திலும் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை வராதது இதற்காகத்தானா? ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் புருஷன் மரம் சாய்ப்பதற்காக தெரிந்தே எனக்குத் தப்பான வழியைச் சொன்னீர்களா? பதினோரு நத்தையும் உங்கள் வார்த்தையை நம்பித்தான் போயின.

சசிகலா

*

தூத்துக்குடி,
1.2.2025

அடியே சசி,

கால் என்றால் கால்டி! நடக்கிற கால்! நத்தை ஊர்ந்து போகுமே, அந்தத் தசை! நம் பாடப்புத்தகத்தில் பாதம் என்று இருக்கும். இங்கே ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கால், கால் என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பாதம் என்ற வார்த்தையே மறந்துபோயிற்று. காலை மட்டும் நறுக்கி எடு, குடலையும் ஈரலையும் கலந்துவிடாதே என்றுதான் எழுதினேன். நீ குடலையும் அது தின்ற பூஞ்சையையும் வயிற்றுப் புழுவையும் சேர்த்து அரைத்து, அதில் சுத்தமாக நாலில் ஒரு பங்கு நிறுத்து அனுப்பியிருக்கிறாய். மூன்று மாதமாக உன் நத்தையின் சாப்பாட்டை வாசித்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்மேல் தப்பு இல்லை. நான் ஒரு வார்த்தை அதிகம் போட்டிருந்தால் பதினொன்றும் வீணாகியிருக்காது. அது என் தப்பு.

உன் அண்ணன் விஷயம் உண்மை. உன் முதல் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டார். "எங்க ஊரு மலை, ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். உன் கடிதத்தைக் காட்டினேன். "சசி நத்தைன்னு சொல்றதுக்காக ஒத்துக்கிட்ட வேலய உட முடியுமா?" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் சோறு, தண்ணி என்பதைத் தவிர பேச்சு இல்லை. போன் வந்தால் அவர் பக்கத்தில் இருப்பார், உன்னிடம் என் குரல் பொய் சொல்லும். அதற்குப் பயந்துதான் எழுதச் சொன்னேன். வாசிப்பு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோழைத்தனம்தான். ஆனால் உனக்குத் தப்பான வழி சொல்ல என் கை எழுதாது. என்னைக் கொன்றாலும் எழுதாது.

இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. உயிரோடு ஒரே ஒரு நத்தை கண்டுபிடி. கொல்ல வேண்டாம், வெட்ட வேண்டாம். சமவெளி வெயிலில் செத்துப்போகும், இங்கே கொண்டுவரவும் வேண்டாம். இதோடு ஒரு வெள்ளை அட்டை வைத்திருக்கிறேன். ஈரப்படுத்தி, நத்தையை அதன்மேல் நடக்க விடு. நடந்த தடத்தில் அதன் காலில் இருந்து உதிர்ந்த செல்கள் இருக்கும். இத்தனை நாள் எதிரி என்று சொன்னேனே, அந்தச் சளிதான் இப்போது வேண்டும். சுத்தம் செய்வதை நான் பார்த்துக்கொள்கிறேன். அட்டையை விரலால் தொடாதே.

என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு. பதில் மட்டும் போடு.

ரம்யா

*

ஏற்காடு,
28.2.2025

நங்கையா,

கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள், யோசிக்க நேரமில்லை. பத்தொன்பது நாள் தேடினோம். மண் பொரிந்து கிடக்கிறது. என் விடுப்பு தீர்ந்துவிட்டது. துறைத்தலைவர் கேட்டதற்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். மாதம்மாள் காபி பறிப்பு முடிந்து வந்து, பொழுது சாயும் வரை என்னோடு மண்டியிட்டுத் தேடுவாள். பதினைந்தாம் நாள் நான் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். "அழுவாதீங்க டீச்சரு, தண்ணி எங்க கசியுதோ அங்கதானுங்க அதும் போயிருக்கும்" என்று ஊற்றுக்குப் பின்னால் இருக்கும் பாறை இடுக்கில் கை விட்டாள்.

அன்றிலிருந்து அந்த இடுக்குகளிலேயே தேடி, நேற்று கிடைத்தது. ஒன்றே ஒன்று. வாயைக் காகிதம் போலச் சவ்வு போட்டு மூடியிருந்தது. செத்ததா இருக்கிறதா என்று தெரியவில்லை. ஈரத்துணியில் வைத்து இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். சவ்வு கிழிந்து, கொம்பு எட்டிப் பார்த்தது. அட்டையில் விட்டேன். மூலைக்கு மூலை நடந்தது, நடுவில் சற்று நின்று யோசித்தது, திரும்பியது. அட்டை உள்ளே இருக்கிறது. இதற்கு மேல் என்னிடம் அனுப்ப எதுவும் இல்லை.

நத்தையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்று மண்ணோடு வைத்திருக்கிறேன். பல் துலக்குவதற்கு முன்னால் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

சசி

*

தூத்துக்குடி,
13.3.2025

என் சசிக்கு,

வந்துவிட்டது! பூஞ்சை இல்லை, புழு இல்லை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சுத்தமான நத்தை. பட்டியலில் உள்ள எந்த நத்தையோடும் சேரவில்லை. மூன்று தரம் சரிபார்த்தேன். தனி இனம். ஆறு வருஷமாக நீ சொன்னதுதான்.

எங்கள் இயக்குநர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட அறிக்கை தனிக் கவரில் இருக்கிறது. மூலத்தைக் காட்டினால்தான் குழு ஏற்கும் என்கிறார்கள். இன்று வியாழன், திங்கட்கிழமை விசாரணை. இந்தக் கடிதம் தபாலில் வரட்டும், அறிக்கைக்குத் தபாலை நம்ப முடியாது. நானே கிளம்பலாம் என்றால் நேற்று மாடிப்படியில் விழுந்து கணுக்கால் வீங்கிக் கிடக்கிறது. பார், இங்கேயும் கால்தான்.

அதனால் உன் அண்ணன் கையில் கொடுத்துவிடுகிறேன். மிஷினை ஏற்றுவதற்காக அவர் அங்கேதான் வருகிறார். கவரில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "இதக் குடுத்தா என் வேல போயிரும்னு தெரிஞ்சே என் கையில குடுக்கறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஐந்து மாதத்தில் நாங்கள் பேசிய முதல் பேச்சு அது. வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

கொடுப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை சசி. பதினோரு வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லை.

ரம்யா

*

ஏற்காடு,
23.3.2025

அன்புள்ள நங்கையாவுக்கு,

கணுக்கால் எப்படி இருக்கிறது? நல்லெண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். காலை ஊன்றாதீர்கள்.

உங்கள் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது, அண்ணன்தான் வரவில்லை. விசாரணை பதினொரு மணிக்கு. பதினொன்று இருபதுக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசினேன். பேப்பர் எங்கே என்றார்கள். வந்துகொண்டிருக்கிறது என்றேன். "எல்லாருக்கும் வந்துட்டேதாம்மா இருக்கும்" என்று அடுத்த ஆளைக் கூப்பிடப் போனபோது அண்ணன் உள்ளே வந்தார். கவரை நீட்டினார். "உன்ற நங்கையா குடுக்கச் சொன்னா" என்றார். கவர் பிரிக்கப்படவில்லை. ஆனால் ஓரமெல்லாம் பிசைந்து பிசைந்து துணி மாதிரி ஆகியிருந்தது. பிறகு கேட்டேன், ஏன் லேட் என்று. "குப்பனூரு தாண்டி வண்டிய நிறுத்திட்டு ஒன்ற மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன்" என்றார்.

அறிக்கையை ஒப்புக்கொண்டார்கள். தனி இனம் என்று பதிவும் செய்தார்கள். பிறகு ஒருவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எட்டு ஏக்கர் எதுக்கும்மா, இதென்ன யானையா? கால் பாகம் மட்டும் போதும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எட்டில் இரண்டு. அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். கால் மட்டும் போதும் என்ற வார்த்தையை அங்கே அந்த ஆள் வாயிலிருந்து கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது நங்கையா. சிரித்துக்கொண்டே இருந்தேன், கன்னமெல்லாம் நனைந்த பிறகுதான் அழுகிறேன் என்று தெரிந்தது.

நேற்று எல்லை குறித்தோம். எந்தக் காலை விடுவது என்று என்னைக் கேட்டார்கள். ஊற்றைச் சுற்றி இருக்கும் இரண்டு ஏக்கரைக் காட்டினேன். மீதி ஆறு ஏக்கரைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. மாதம்மாள் ஒவ்வொரு மரமாகத் தட்டிக்கொண்டே வந்தாள். எல்லைக் கொடி நட வேண்டியது அண்ணன். ஆபீஸ் ஆட்கள் டீ குடிக்கப் போனதும், நட்ட கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி இருபது அடி வெளியே தள்ளி நட்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நாளைக் காலையில் மிஷின் ஏறுகிறது. அவர்தான் ஓட்டுகிறார். "வேற ஆளு ஓட்டுனா கொடியப் பாக்க மாட்டான்" என்றார்.

பிறகு பாட்டிலைத் திறந்து, நத்தையை அதே பாறை இடுக்கில் விட்டேன். ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டது. மூன்று பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தோம். "என்ன பண்ணுது?" என்று அண்ணன் கேட்டார். "ஒண்ணும் பண்ணலீங்கண்ணா" என்றேன். இன்னும் வேறு நத்தை இருக்கிறதா, இதுதான் கடைசியா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

ரொம்ப நேரம் கழித்து மெதுவாக வெளியே வந்தது. பாதம் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன் பாருங்கள். கால் என்றே இருக்கட்டும். கால்தான் முதலில் வெளியே வந்தது.

உங்கள்
சசி